மூணாவது பீப்பாய்

அந்த ஃபோனைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க சார். எட்டிப் பாக்குறேன்னு நெனைக்காதீங்க, பஸ்ல இப்படி ஒட்டி உக்காந்தா கண்ணு போகத்தான் செய்யும். அந்தப் பீப்பாய்ப் படம். ஆங். அதே எடம்தான். புதுச்சேரியில கடற்கரைக்கு ரெண்டு தெரு பின்னாடி, மஞ்சச் சுவரு, நீலக் கதவு. அங்கதான் போறீங்களா? ஆஃபீஸ்ல யாராவது சொல்லியிருப்பாங்க. சொல்வாங்க, சொல்வாங்க.

நான் தடுக்கல சார். உங்க வயிறு, உங்க இஷ்டம். ஆனா குடிக்கப்போறது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கெட்டுப்போன பீர். நானா சொல்லல, புளிச்ச பீருன்னு அவங்களே பேர் வெச்சிருக்காங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் மரப் பீப்பாய்ல போட்டு மூடி வெச்சு, அதுல நாவல்பழத்தைப் போட்டு, திப்பிலியைப் போட்டு... திப்பிலி சார். சளி பிடிச்சா தேன்ல கொழச்சுக் குடுப்பாங்களே, அது. அப்புறம் துலிப் பூ மாதிரி ஒரு கிளாஸ்ல பாதி ஊத்தி எடுத்துட்டு வருவாங்க. ஏன் பாதின்னு கேட்டா, வாசனைக்கு எடம் விடணுமாம். வாசனை எங்கயாவது உக்கார எடம் கேக்குமா?

எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. அங்க ஒன்றரை வருஷம் வேலை பாத்தேன். இப்ப இல்ல, விட்டுட்டேன். எனக்கும் அந்த எடத்துக்கும் இப்ப ஒரு சம்பந்தமும் கிடையாது.

என் பேரு கோதண்டம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய பீர் ஃபேக்டரியில, லேப்ல, முப்பத்தோரு வருஷம். குடிகாரன்னு நெனைச்சுக்காதீங்க. நான் குடிச்சதே இல்ல. மோந்து பாப்பேன், ஒரு வாய் வெச்சுக்குவேன், துப்பிடுவேன். துப்பிட்டுச் சொல்லணும். அதான் வேலை. ஒரு தடவை நாப்பதாயிரம் லிட்டர் டேங்க். மெஷின் எல்லாம் சரின்னு சொல்லுது. நான் புளிப்பு தட்டுதுன்னேன். ஜி.எம். சிரிச்சாரு. மூணாம் நாள் மெஷினும் அதையே சொல்லிச்சு. அத்தனையும் கொட்டினாங்க. அதுக்கப்புறம் அந்த ஃபேக்டரியில எவனும் என்னைப் பாத்துச் சிரிக்கல. முப்பத்தோரு வருஷத்துல புளிச்ச பாட்டில் ஒண்ணு கூட என்னைத் தாண்டி வெளியில போனதில்ல சார்.

அப்படிப்பட்டவனைத் தேடிக்கிட்டு ரிட்டயரான மூணாவது மாசம் ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஒருத்தர் கிரிராஜ், ஓட்டல்காரர், அந்தக் கட்டடம் அவருது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. கூட வந்தது இசபெல்னு ஒரு பொண்ணு. புதுச்சேரித் தமிழ்ப் பொண்ணுதான், அப்பா ஃபிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு, அதனால அந்தப் பேரு. முப்பத்தி மூணு, முப்பத்தி நாலு வயசு இருக்கும். பெல்ஜியத்துல போயி பீர் காய்ச்சப் படிச்சுட்டு வந்திருக்கு. அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு விசா.

கைப்பையிலேருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துச்சு. "சார், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னுச்சு. என் வீட்டுக்காரி குமுதவல்லி காபி டம்ளரைக் கழுவிக் குடுத்தா. ஊத்தி மோந்து பாத்தேன்.

"கெட்டுப்போச்சு"ன்னேன்.

"எவ்வளவு நாளா சார்?"

"நாலு மாசம் ஆகியிருக்கும். மொதல்ல தயிர்க் கிருமி ஏறியிருக்கு. அது மேல காட்டு ஈஸ்ட் வந்து உக்காந்திருக்கு. மரத்துல வெச்சிருந்தீங்களா? மரத்துல ஒயின் இருந்திருக்கணும் முன்னாடி."

அந்தப் பொண்ணு கிரிராஜைத் திரும்பிப் பாத்துச்சு. "இவர்தான்"னுச்சு.

நான் என்ன நெனைச்சேன்? எந்த நல்ல மனுஷனும் என்ன நெனைப்பான்? கிருமி பூந்துடுச்சு, விரட்டறதுக்கு ஆள் தேடறாங்கன்னு நெனைச்சேன். ஆடி மாசம், ஒரு திங்கட்கிழமை போயி சேர்ந்தேன். போனா, அந்தப் பொண்ணு நாலு பீப்பாயைக் காட்டுது. நாசிக்லேருந்து வந்த பழைய ஒயின் பீப்பாய். ஒவ்வொண்ணும் எரநூத்தி இருபத்தஞ்சு லிட்டர். ஏசி போட்ட அறை, மெத்தை இல்லாத குறைதான். ஒரு பீப்பாயோட மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு, "உள்ள பாருங்க சார், எவ்வளவு அழகா இருக்கு"ங்குது. எட்டிப் பாக்குறேன், பீர் மேல வெள்ளையா, சுருக்கம் சுருக்கமா ஒரு படலம். ஆறிப்போன பால்ல ஆடை கட்டுமே, அப்படி. எங்க ஃபேக்டரியில அதைப் பாத்திருந்தா டேங்க்கையே மாத்தியிருப்போம். இது அதைப் பாத்துட்டு, பொறந்த கொழந்தையைப் பாத்த மாதிரி நிக்குது.

"என்னம்மா இது?"ன்னு கேட்டேன்.

"இது தானா வரணும் சார். நாம வரவழைக்க முடியாது."

அதாவது, நான் முப்பத்தோரு வருஷம் எந்த வியாதியை விரட்டினேனோ, அதை இவங்க வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சிருக்காங்க. என்னைக் கூப்பிட்டது விரட்டறதுக்கு இல்ல. அது எந்த வேகத்துல வருதுன்னு தினமும் மோந்து பாத்துச் சொல்றதுக்கு. "புளிப்பை உங்களை விடச் சீக்கிரமா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க சார்"ங்குது. திருடனைப் பிடிக்கிற போலீஸ்காரனைக் கூப்பிட்டு, திருட்டு நல்லா நடக்குதான்னு பாத்துச் சொல்லுங்கன்னா எப்படி இருக்கும்? அன்னைக்கே விட்டுட்டு வந்திருக்கணும். வரல. ஏன்னா, கூட ஒரு நல்ல மனுஷன் இல்லேன்னா இவங்க ஊரையே வயித்தால போக வெச்சிடுவாங்கன்னு ஒரு கவலை. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

முதல் பீப்பாய்ல நாவல்பழமும் திப்பிலியும். ரெண்டாவதுல சிவப்புக் கொய்யாவும் மிளகும், அது மார்கழியிலதான் போட்டாங்க. மூணாவதுல களாக்காய், நல்லாப் பழுத்துக் கறுத்தது, கூட ஏலக்காய். நாலாவது வெறும் பீர். அதை எதுக்கு சும்மா வெச்சிருக்கேன்னு கேட்டதுக்கு, "அது அம்மா சார்"னுச்சு. மத்ததெல்லாம் அதுலேருந்துதான் வந்ததாம்.

களாக்காய் விழுப்புரம் பக்கத்துக் காட்டுலேருந்து வந்துச்சு. அந்தப் பொண்ணே முள்ளுல கையைக் கிழிச்சுக்கிட்டுப் பறிச்சுக்கிட்டு வந்துச்சு, ரெண்டு நாள். கடையில வாங்கலாமேன்னேன். கடையில விக்கிறது காயா இருக்கும், பழமா வேணும்னுச்சு. கை முழுக்கக் கீறல். மஞ்சத்தூளைப் பூசிக்கிட்டு மறுநாளே வந்து பீப்பாய்ல பழத்தைத் தள்ளுது. பிடிவாதம் சார். அந்த மூணாவது மேலதான் அதுக்கு உசிரு.

தினமும் காலையில பத்து மணிக்கு நான் பாக்கணும். பீப்பாய் முகத்துல சின்னதா ஒரு ஆணி அடிச்சிருக்கும். அதை இழுத்தா நூல் மாதிரி பீச்சும். கிளாஸ்ல பிடிச்சுக்கிட்டு ஆணியைத் திரும்பச் சொருகிடணும். ஒரு நோட்டுல எழுதணும். நான் எழுதினேன். முதல் பீப்பாய், கெட்டது. ரெண்டாவது, கெட்டது. மூணாவது, கெட்டது. நாலாவது, கெட்டது. பத்து நாள் அப்படியே எழுதினேன்.

பதினோராம் நாள் அந்தப் பொண்ணு வந்து பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துச்சு. "சார், எப்படிக் கெட்டதுன்னு எழுதுங்களேன்."

"கெட்டதுல எப்படி என்னம்மா இருக்கு?"

"உங்களுக்கு இருக்கும் சார். அன்னைக்கு எங்கிட்ட நாலு மாசம்னு சொன்னீங்களே."

சரி, திட்டச் சொல்றியா, திட்டறேன்னு ஆரம்பிச்சேன். மழையில நனைஞ்ச குதிரைச் சேணம். அழுகின எலுமிச்சைத் தோல், ஆனா மட்டமான எலுமிச்சை இல்ல, நார்த்தங்காய் மாதிரி. ஆட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல யாரோ மாம்பழம் தின்ன வாடை. பூட்டிக் கெடந்த சர்ச்சைத் திறந்தா வருமே, அது. பழைய ரெக்சின் சீட்டு. வாய்ல வெச்சா ரெண்டு காதுக்கும் பின்னாடி இழுக்குது. இப்படி, வாய்க்கு வந்ததை எல்லாம். யாருக்காவது இதைப் படிச்சா ஒரு துளி குடிக்கத் தோணுமா சார்? தோணக்கூடாதுன்னுதான் எழுதினேன். அந்தப் பொண்ணு அதைப் படிச்சுப் படிச்சுச் சிரிக்குது. சந்தோஷமா சிரிக்குது. "குதிரைச் சேணம் வந்துடுச்சு சார், அதுக்குத்தான் காத்திருந்தேன்"ங்குது. என்ன பண்ணுவீங்க இப்படிப்பட்ட ஆளை?

இந்த எடத்துல நீங்க கவனிக்கணும் சார். இங்கதான் எம்மேல பழியைப் போட்டாங்க.

அடுத்த வருஷம் மே மாசம் அந்தப் பொண்ணோட அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவரு ஃபிரான்சுல மகன் கூட இருக்காரு. இது பதினாலு நாள் லீவு போட்டுட்டுப் போச்சு. போகும்போது, "சார், தினமும் நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுங்க, உங்களை நம்பித்தான் போறேன்"னுச்சு. அனுப்பினேன். ஒரு நாள் தவறல. பத்து மணிக்கு எழுதினா பத்தேகாலுக்கு ஃபோட்டோ போயிடும்.

அது போன நாலாவது நாள் ஏசி நின்னுடுச்சு. கத்திரி வெயில். ரிப்பேருக்கு ஆள் வர ரெண்டு நாள் ஆச்சு. மரம் என்ன பண்ணும்? மூணாவது பீப்பாயோட மூடி சுருங்கி, ஒரு பக்கமா லேசா இடைவெளி விட்டிருந்துச்சு. ஒரு தலைமுடி போற அளவு. அது வழியா காத்து உள்ள போனா பீர் வினிகரா மாறிடும். நான் பாத்தேன். பாத்துட்டு மோந்தேன். அன்னைக்கு எழுதினேன்: மூணாவது, நகப்பூச்சு வாடை. மறுநாளும் அதேதான். அதுக்கடுத்த நாள், நகப்பூச்சு, பின்னாடி வினிகர். எட்டு நாள் சார். எட்டு நாளும் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தப் பொண்ணு அங்கேருந்து சிரிக்கிற பொம்மையை அனுப்புது. ஒரு நாள், "சூப்பர் சார்"னு அனுப்புச்சு.

மூடியை நான் இறுக்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கேளுங்க. என் வீட்டுக்காரியும் கேட்டா. நான் லேப்காரன் சார். என் வேலை சொல்றது. முப்பத்தோரு வருஷமும் நான் சொன்னேன், மத்தவங்க செஞ்சாங்க. ஒரு வால்வு கூட நான் திருப்பினதில்ல. திருப்பினா யூனியன்காரன் சண்டைக்கு வருவான். மூடியை இறுக்கறது என் வேலைன்னு யாரும் சொல்லல. மரச் சுத்தியல் அங்கயே, ஜன்னல் மேல இருந்துச்சுங்கறது வாஸ்தவம். எட்டு நாளும் இருந்துச்சு.

வந்துச்சு. அந்தப் பொண்ணு வந்து இறங்கின அன்னைக்கே நேரா பீப்பாய் அறைக்கு. மொதல் ரெண்டையும் பாத்துச்சு, முகம் மலர்ந்துச்சு. மூணாவது ஆணியை இழுத்துச்சு. கிளாஸை மூக்குகிட்டக் கொண்டுபோச்சு. வாய்ல வைக்கல. அப்படியே தரையில உக்காந்துடுச்சு.

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். பாரும்மா, எட்டு நாளா எழுதியிருக்கேன்.

அது நோட்டைப் பாக்கல. என்னைப் பாத்துச்சு. "சார், நீங்க வந்த நாள்லேருந்து எல்லாத்தையும் கெட்டதுன்னுதான் எழுதுறீங்க. நெஜமாவே கெட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

கத்தியிருந்தா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தல. மெதுவாத்தான் கேட்டுச்சு. நான், "அது உன் தப்பும்மா"ன்னுட்டு வெளியில வந்து பஸ் ஏறிட்டேன். உண்மையைத்தானே எழுதினேன்? ஒரு எழுத்துப் பொய் உண்டா? குமுதவல்லிகிட்டச் சொன்னேன். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தச் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டியிருந்தா என்ன"ன்னா. லேப் வேலையைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும், விடுங்க.

இதுக்குள்ள விஷயம் கிரிராஜ் காதுக்குப் போயிடுச்சு. அவருக்கு ஆரம்பத்துலேருந்தே அந்த அறை மேல கண்ணு. ஒரு வருஷமா நாலு பீப்பாய் தூங்குது, ஒரு கிளாஸ் வெளியில வரல, அந்த எடத்துல சாதா பீருக்கு ரெண்டு டேங்க் வெச்சா வாரக் கடைசிக் கூட்டத்துக்குச் சரியா இருக்கும்னு அவர் கணக்கு. அந்தப் பொண்ணோட ஒப்பந்தம் இருக்கறதால தானா தூக்க முடியாது. சரக்கு கெட்டுப்போச்சுன்னு கெமிஸ்ட் எழுதிக் குடுத்தா தூக்கலாம். கெமிஸ்ட் யாரு? நான்.

பேப்பரை டைப் அடிச்சே எடுத்துட்டு வந்துட்டாரு. அவரோட ரூம்ல அவர், அந்தப் பொண்ணு, நான், மூணு பேர்தான். நாலு பீப்பாயும் அருந்தத் தகுதியற்றவை, அழிக்கப்பட வேண்டியவைன்னு போட்டு, கீழ என் பேரு. கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவைத் திறந்து வெச்சாரு.

"கோதண்டம், உங்களுக்கு இது சுலபமான வேலை. நோட்டு பூரா இதைத்தானே எழுதியிருக்கீங்க"ன்னாரு.

அந்தப் பொண்ணு தலையைக் கூடத் தூக்கல. கையில பாத்தேன், அந்தக் களா முள்ளுக் கீறல், ஒரு வருஷம் ஆகியும் ரெண்டு எடத்துல தழும்பா நிக்குது.

நான் பேனாவை எடுத்தேன். எடுத்து அந்த வரியைப் படிச்சேன். அருந்தத் தகுதியற்றவை. நாலு பீப்பாயும். சார், நான் ஒரு விஷயத்துல சுத்தம். எழுத்துல தப்பு இருந்தா எனக்குக் கை ஓடாது. 'நாலு பீப்பாயும்'ங்கறதை அடிச்சுட்டு 'மூன்றாவது பீப்பாய் மட்டும்'னு எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிரிராஜ் அதைப் படிச்சாரு. "என்னங்க இது? மத்த மூணும் கெட்டதுன்னு நீங்கதானே தினமும் எழுதினீங்க?"

"அது வேற கெட்டது சார்"ன்னேன். "இது வேற கெட்டது."

"என்ன வித்தியாசம்?"

"மூணாவதைக் குடிச்சா வாய் அதோட நின்னுடும். மத்ததைக் குடிச்சா..." அப்படின்னு ஆரம்பிச்சுட்டேன். முடிக்கல. அவசரத்துல என்னமோ வாயில வந்துச்சு, நிறுத்திட்டேன். அவரு பேப்பரை டிராயர்ல போட்டு மூடினாரு. டேங்க் அப்புறம் வரல.

எனக்கு அந்த பீர் பிடிச்சுப்போச்சுன்னு நீங்க நெனைக்கக்கூடாது. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன், அவ்வளவுதான். ஒரு டேங்க்கோட பாவத்தை இன்னொரு டேங்க் மேல நான் என்னைக்குமே எழுதினதில்ல.

வெளியில வந்ததும் அந்தப் பொண்ணு தேங்க்ஸ் சொல்லும்னு பாத்தேன். சொல்லல. "சார், மூணாவதைக் கொஞ்சமா எடுத்து மத்ததுல கலந்தா காப்பாத்த முடியுமா"ன்னு கேட்டுச்சு.

"ஒரு சொட்டு கலந்தேன்னா இந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கி நானே நாலுன்னு எழுதிடுவேன்"ன்னேன்.

மறுநாள் காலையில கொட்டினோம். பின்பக்கம் கழனித் தொட்டிகிட்ட ஒரு சாக்கடை வாய் இருக்கு. பீப்பாயை உருட்டிக் கொண்டுவந்து வெச்சோம். அடைப்பை நான் பிடுங்கறேன், நீ போம்மான்னேன். போகல. எதிர்லயே நின்னுச்சு. களாக்காய்ச் சிவப்பு இருக்கே சார், அது போகப் போக வந்துக்கிட்டே இருந்துச்சு. எரநூத்தி இருபத்தஞ்சு லிட்டர் காலியாக அவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாது. எங்க ஃபேக்டரியில வால்வைத் திறந்துட்டு நாங்க டீ குடிக்கப் போயிடுவோம். நாப்பதாயிரம் லிட்டர் போனதையும் நான் கண்ணால பாத்ததில்ல. ரிப்போர்ட்டுலதான் பாத்தேன்.

கடைசியில பழத்தோல், கொட்டை, ஏலக்காய் எல்லாம் வந்து அடைச்சுக்கிச்சு. கையை விட்டு எடுக்க வேண்டியதாப் போச்சு. எனக்குத் தோள்பட்டையில ஒரு வலி உண்டு, ரொம்ப நாளா. அதனால நிறுத்தி நிறுத்தித்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து அதுவும் கையை விட்டு எடுத்துச்சு. எல்லாம் கழுவி முடிச்சப்புறம், "சாப்பிட்டுப் போங்க சார்"னுச்சு. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.

அதுலேருந்து தினமும் பத்து மணிக்கு பீப்பாய் மூடியை எல்லாம் நானே ஒரு தடவை தட்டிப் பாத்துடுவேன். யாரும் சொல்லல. ஆனா அவங்களை நம்ப முடியாதுல்ல.

சரி, அப்புறம் ஏன் வேலையை விட்டீங்கன்னு கேக்க மாட்டீங்களா? அதான் பெரிய அநியாயம்.

கார்த்திகை மாசம் திறந்தாங்க. முதல் பீப்பாய், நாவல்பழம். ஊர்லேருந்து, பெங்களூர்லேருந்து எல்லாம் கூட்டம். தாடி வெச்சவனுங்க, தேஞ்சு உள்ளங்கால் தெரியற செருப்பு, ஒரு கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் வெளிச்சத்துல பாக்குறவனுங்க. நான் ஓரமா ஒரு மேசையில உக்காந்திருந்தேன். எதிர்ச்சுவத்துல கரும்பலகை. அதுல சாக்பீஸ்ல தமிழ்ல எழுதியிருக்கு. நாவல், திப்பிலி. அதுக்குக் கீழ: மழையில் நனைந்த குதிரைச் சேனம். பூட்டிக் கிடந்த தேவாலயம் திறந்த மணம். ரெண்டு காதுக்கும் பின்னால் இழுக்கும்.

என் திட்டு சார். ஒரு வருஷம் நான் வாயாரத் திட்டினதை எடுத்து விளம்பரமா எழுதி வெச்சிருக்கு. பக்கத்து மேசையில ஒரு புருஷன் பொண்டாட்டி, அதைப் படிச்சுட்டு, "காதுக்குப் பின்னால இழுக்குதா, எனக்கு ஒண்ணு"ன்னு கேக்குறாங்க. குடிச்சுட்டு ரெண்டு பேரும் காதைத் தொட்டுப் பாத்துக்கறாங்க.

எழுந்து நேரா அந்தப் பொண்ணுகிட்டப் போனேன். "என்னைக் கேக்காம எப்படிம்மா எழுதலாம்?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

"சேணத்துக்கு மூணு சுழி ண போடணும். ரெண்டு சுழி போட்டிருக்கே."

திருத்திச்சு. திருத்திட்டு, "உங்க பேரையும் கீழ போடட்டுமா சார்"னுச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன், நாளையிலேருந்து வர மாட்டேன்னு. மானம்னு ஒண்ணு இருக்குல்ல. ஆனா வர்றதுக்கு முன்னாடி அந்தப் புருஷன் பொண்டாட்டிகிட்டப் போயி ஒரு விஷயம் சொல்லிட்டுத்தான் வந்தேன். அந்தக் குதிரை வாடை மாசி மாசத்துல இருந்தது, இப்ப அது அடங்கிடுச்சு, இப்ப நாவல்கொட்டைத் துவர்ப்புதான் முன்னாடி நிக்குது, திப்பிலி தொண்டையில இறங்கின பிறகு மெதுவாத் திரும்பி வரும், அவசரப்பட்டு அடுத்த வாய் வெச்சீங்கன்னா அது தெரியாதுன்னு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டுக் குடிக்கக்கூடாது பாருங்க. அவங்க இன்னும் ரெண்டு வாங்கினாங்க. நாலு மேசையிலேருந்து கூப்பிட்டாங்க, அங்கயும் போயிச் சொன்னேன். ஒன்பது மேசை ஆச்சு. அப்புறம்தான் வேலையை விட்டேன்.

இப்ப புதன்கிழமை மட்டும் போறேன். வேலைக்கு இல்ல. சும்மா, மூடி எல்லாம் சரியா இருக்கான்னு. குமுதவல்லி, "புதன்கிழமைன்னா மட்டும் சட்டை அயர்ன் ஆகுது"ங்கறா. பஸ்ல நாலு பேர் பாக்குறாங்க, அயர்ன் பண்ணாமப் போக முடியுமா?

காலிப் பீப்பாய்க்குள்ள ஏறின வினிகர் மரத்தை விட்டுப் போகாது, அதை வித்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கு. போன மாசம் எங்கிட்ட வந்து, "சார், இதுல என்ன பழம் போடலாம்"னு கேட்டுச்சு. எங்கிட்ட. எனக்கு வந்துச்சே எரிச்சல். கிண்டலா, "போயி விளாம்பழத்தைப் போடு"ன்னேன். புளிப்பு, துவர்ப்பு, அந்த வாடை வேற, ஓட்டை உடைக்கவே ஒரு ஆள் வேணும். எவனாவது பீருல விளாம்பழத்தைப் போடுவானா? நோட்டை எடுத்து எழுதிக்கிச்சு. போன வாரம் போறேன், ஒரு கூடை நெறைய வாங்கி வெச்சிருக்கு. எடுத்து ஒரு அடி ஒசரத்துலேருந்து தரையில போட்டுப் பாத்தேன். பந்து மாதிரி குதிக்குது. அத்தனையும் காய். பழுத்தது குதிக்காது சார், தொப்புனு அப்படியே உக்காரும். பெல்ஜியத்துல படிச்சுட்டு வந்து விளாம்பழம் பாக்கத் தெரியல. மார்க்கெட்காரன் நல்லா ஏமாத்தி அனுப்பியிருக்கான். கூட ஏலக்காய் போடப் போறேன்னு வேற சொல்லுது. விளாம்பழத்துக்கு ஏலக்காயா? கிராம்பு. அதுவும் நாலே நாலு. அஞ்சாவது போட்டா பல் வலி மருந்து ஆயிடும்.

கண்டக்டர், கிளியனூர் நிறுத்துங்க. நான் இங்க இறங்கணும் சார், கொஞ்சம் காலை மடக்கிக்குங்க. பெரிய ஏரிக்கரை ஓரம் ரெண்டு விளாமரம் இருக்கு, ஒரு அம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், பறிக்கக்கூடாது, தானா விழுந்ததை மட்டும் எடுத்து வைங்கன்னு. எண்ணிப் பாத்து, ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்து எடுக்கணும். அடுத்த பஸ்ல வந்துடுவேன்.

நீங்க அதுக்குள்ள போயிடுவீங்க. போனா கொய்யாவைக் கேக்காதீங்க, எவ்வளவு சொன்னாலும் வாங்காதீங்க. அது இன்னும் மூணு மாசம் இருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க.